நாம் என்பதும் நாங்கள் என்பதும்

"உங்கள் கோயிலைப் பற்றி எங்களுக்கு ஓர் இருபது நிமிஷம் சொல்ல முடியுமா?" என்று அடுத்த வீட்டு அம்மாள், வேலிக்கு அப்பால் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, ஒரு நாள் என்னைக் கேட்டார். அவர் செல்லும் தேவாலயத்தில் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை மாலையில் வெவ்வேறு சமயத்தாரை அழைத்து, அவரவர் வழிபாட்டு முறையைக் கேட்டறிவது வழக்கமாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் குடியிருந்துகொண்டு, லிவர்மோர் நகரத்துச் சிவ-விஷ்ணு ஆலயத்துக்குப் பல வருஷங்களாகப் போய் வருகிறவனுக்கு, தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதில் என்ன பிரயாசை இருக்கப்போகிறது என்று எண்ணி, யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆயத்தம் செய்தேன். சிந்து சமவெளியில் ஆரம்பித்து, நான்கு வேதங்களையும் ஆறு தரிசனங்களையும் கடந்து, சங்கரர், ராமானுஜர், மத்வர் ஆகிய மூவரையும் தலைக்கு இரண்டு நிமிஷமாகப் பங்கிட்டு, நாயன்மார் அறுபத்து மூவரையும் ஆழ்வார் பன்னிருவரையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிய அந்தப் பிரசங்கம், இருபது நிமிஷத்துக்குப் பதிலாக நாற்பத்தைந்து நிமிஷம் ஓடிற்று. கேட்டவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிவில், முன்வரிசையில் கைத்தடியை முழங்காலுக்கிடையே நிறுத்தி அமர்ந்திருந்த ஒரு முதியவர், "மன்னிக்க வேண்டும், நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எத்தனையோ ஆண்டுகள் செய்து வந்த காரியத்தை நான் ஒரு நாளாவது கவனித்திருந்தால் அல்லவா சொல்வதற்கு!

அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டபோது என்னை வாட்டியது அந்த அவமானம்கூட அல்ல. நான் அந்தச் சபையில் ஒரு பொய்யும் சொல்லியிருந்தேன். இந்துக்கள் அஹிம்சையைக் கொள்கையாக உடையவர்கள் ஆகையால் மாமிசம் புசிப்பதில்லை என்று, மிகவும் பெருமிதத்துடன், சொல்லியிருந்தேன். எங்கள் குலதெய்வம் கருப்பசாமி. மதுரைக்கு மேற்கே, கண்மாய்க் கரையில், கூரையில்லாத மேடையில், அரிவாளோடு நிற்கிற தெய்வம். ஏழு வயதில் அந்த மேடைக்கு முன்னால் என் பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்ட கிடா தலையை உலுக்கித் துளுக்குவதற்காக ஊரே மூச்சைப் பிடித்துக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கறியைத் தின்றும் இருக்கிறேன். ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்து, காப்பிக் கோப்பையோடு அமர்ந்திருந்த இருபது அந்நியர்களுக்கு முன்னால், என் பாட்டனாரையும் கருப்பசாமியையும் இந்து சமயத்திலிருந்தே தள்ளிவைத்துவிட்டேன். அதுவும் யாரும் கேட்காமல்.

ஆகவே இந்த விஷயத்தை மேடைப்பேச்சின் சாமர்த்தியமாக மட்டும் என்னால் கருத முடியவில்லை. தன் சமயத்தைப் பற்றிப் பிறருக்கு வெறும் தகவலாகச் சொல்லுவது என்பது சாத்தியமான காரியம்தானா? நம்பிக்கை உடையவன் சொன்னால் அது உபதேசமாக முடிந்துவிடாதா? நம்பிக்கையைச் செருப்பைப்போல வெளியே விட்டுவிட்டு வந்து சொல்லுகிறவனிடம் சொல்லுவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இந்த தேசத்தில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் சென்றிருக்கிறது. பென்சில்வேனியா மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் தினந்தோறும் காலையில் பைபிள் வாசிக்கும் வழக்கத்தை எதிர்த்து ஷெம்ப் என்னும் குடும்பத்தார் தொடுத்த வழக்கில், 1963-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி, டெக்ஸாஸ்காரரான நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பு, அரசாங்கப் பள்ளியில் வழிபாடாக வேதம் வாசிப்பது கூடாது என்று தடுத்தது; ஆனால் சமயங்களைப் பற்றி விருப்பு வெறுப்பின்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. சமயத்தைக் கற்பிப்பது வேறு, சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்ற பாகுபாடு அமெரிக்கப் பள்ளிகளில் வேரூன்றியதற்கு அந்தத் தீர்ப்பே ஆதாரம். பள்ளி ஆசிரியருக்கு இது நல்ல வேலிதான். என்னைப்போன்ற பக்தனுக்கோ, வேலியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே விளங்குவதில்லை.

முண்டகோபநிஷத்தைப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதாகத் தோன்றாது. அந்த உபநிஷத்து வித்தையை மேலான பரா என்றும் கீழான அபரா என்றும் இரண்டாக வகுத்து, வேறு எதையும் அல்ல, நான்கு வேதங்களையுமே அபரா வித்தையின் கணக்கில் எழுதிவிடுகிறது; வேதம் தன்னைப் பற்றித் தானே இப்படிச் சொல்லிக்கொள்ளும் துணிவு எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியத்தை உண்டாக்குகிறது. எனவே, ஒரு தேவாலயத்துக் கூடத்தில் இருபது நிமிஷம் சொல்லக்கூடியது அபரா வித்தையிலும் ஒரு சிறு துணுக்கு என்பதை ஒப்புக்கொள்ளுவதில் வெட்கம் இல்லை. "மெய்ப்பொருளை வாயால் சொல்ல முடியாது, தக்ஷிணாமூர்த்தி மௌனமாகத்தானே சனகாதி முனிவர் நால்வருக்கும் உபதேசித்தார்?" என்று சில நண்பர்கள் தப்பித்துக்கொள்வதுண்டு. மௌனமே உயர்ந்த உபதேசம் என்ற ரமண மகரிஷிகள்தாம், விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில், 1902-ஆம் ஆண்டு சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவினியூ இலாகா உத்தியோகஸ்தர் வந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்டபோது, பேசாவிட்டாலும் விரலால் மணலில் எழுதிக் காட்டினார். பிற்காலத்தில் 'நான் யார்?' என்ற சிறு நூலாக வந்தது அதுதான். கேட்பவன் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டால் மௌனியும் எழுத்துக்கு இறங்கி வரத்தான் வேண்டியிருக்கிறது.

தமிழ்ச் சமயப் பிரசங்கத்தின் கதையே ஒரு விசித்திரம். கோயில்களில் புராணத்தைப் பாட்டாக வாசித்துப் பொருள் சொல்லும் புராணபடனம் நெடுங்காலமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஜனங்களைப் பார்த்து, வசன நடையில் முறையாக விளக்கும் பிரசங்கம் என்னும் வடிவத்தைச் சைவத்துக்குள் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர். 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் முதல் பிரசங்கம் செய்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதுவரை பீட்டர் பெர்சிவல் என்ற மெதடிஸ்த பாதிரியாரிடம் இருந்து, பைபிளைத் தமிழாக்கும் பணியில் உழைத்து, பாதிரிமார் ஞாயிறுதோறும் ஜனங்களை எப்படிக் கூட்டுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்தே கண்டவர் அவர். எந்த ஆயுதத்தால் தம் சமயம் தாக்கப்பட்டதோ அதையே வாங்கித் தம் கோயிலுக்குள் வைத்துக்கொண்டார். ஆகவே கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்துக்குச் சென்று நான் பிரசங்கம் செய்தது, கடன் வாங்கிய பாத்திரத்தை நூற்றெழுபது வருஷம் கழித்து உரியவர் வீட்டுக்கே எடுத்துச் சென்றதைப்போல இருந்தது. சொல்லப்போனால், பாத்திரத்தைத் துலக்காமலே எடுத்துச் சென்றுவிட்டேன்.

நாவலர் பேசியது தம் ஜனங்களிடம். கேட்டவர்களும் சைவர்கள், சொன்னவரும் சைவர். பிறரிடம் சென்று சொல்லும் காரியத்தை நினைக்கும்போது நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி சிக்காகோவில் விவேகானந்தர் பேசியதுதான். அதைப் பற்றி அவரே, தம்மை அங்கு அனுப்பிவைப்பதற்காகச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டிய திருவல்லிக்கேணி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளுக்கு, நவம்பர் மாதத்தில் எழுதிய கடிதத்தில், மற்றவர்கள் எல்லாரும் எழுதித் தயாரித்துக்கொண்டு வந்திருந்ததையும், தாம் ஒன்றும் தயாரிக்காமல் நெஞ்சு படபடக்க, நா உலரக் காலை முழுதும் எழுந்திருக்கத் துணியாமல் இருந்ததையும், பின்னர் சரஸ்வதி தேவியை வணங்கிவிட்டு மேடையேறியதையும் ஒளிக்காமல் சொல்லுகிறார். இதைக் காட்டி, "பார்த்தீரா, ஆயத்தம் எதற்கு? உள்ளத்தில் உண்மை இருந்தால் போதும்" என்று வாதிப்போரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் செப்டம்பர் 19-ஆம் தேதியை மறந்துவிடுகிறார்கள். முதல் நாள் அவர் பேசியது சபைக்கு ஒரு வந்தனம். சில நிமிஷங்களில் முடிந்துபோனது. இந்து சமயம் என்றால் என்ன என்று அந்நியர்களுக்கு விளக்கியது எட்டு நாட்களுக்குப் பிறகு. அதை அவர் எழுதிவைத்து வாசித்தார். அன்பைத் தெரிவிக்க அவருக்கு ஏடு வேண்டியிருக்கவில்லை, விஷயத்தைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. உலகம் முன்னதைக் கொண்டாடுகிறது. வேலை நடந்தது பின்னதில் என்பது என் அபிப்பிராயம்.

அவரே 1900 பிப்ரவரி 25-ஆம் தேதி எங்கள் கரையிலுள்ள ஓக்லாந்துக்கு வந்து, யூனிடேரியன் தேவாலயத்தில் வேதாந்தத்தைப் பற்றிப் பேசினார். பதினான்காம் தெருவில் அந்தச் செங்கற் கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்த மாதங்களில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் பலவற்றைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் ஐடா ஆன்செல் என்ற இளம்பெண். புதிதாகக் கற்றவர் ஆகையால் சுவாமிகளின் வேகத்துக்கு அவருடைய கை ஈடுகொடுக்கவில்லை. பல வருஷங்களுக்குப் பின் அவர் அதை விரித்தெழுதியபோது, விடுபட்ட இடங்களில் தாமாக எதையும் இட்டு நிரப்பாமல் புள்ளிகளை வைத்தார். அச்சான நூலில் இன்றும் அந்தப் புள்ளிகளைக் காணலாம். பேசியவரைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ, தெரியாத இடத்தில் புள்ளி வைத்த அந்தப் பெண்மணியின்மேல் தனியான ஒரு மதிப்பு.

என் சங்கதிக்கு வருகிறேன். தோற்றுத் திரும்பிய சில மாதங்களில் என் அலுவலகத்து டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகத்தில் சேர்ந்தேன். 1924-இல் இதே கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஒரு வாலிபர் சங்கக் கட்டடத்தில் ஆரம்பித்த அமைப்பு அது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரத்தை விளக்கால் காட்டுகிறார்கள். பேச்சின் இடையே "அ", "ம்" என்று இழுப்பதை எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் பதற்றத்தில் தமிழுக்குத் தாவி "வந்து, வந்து" என்பதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவருக்கு ஒரு தர்மசங்கடம். அங்கே நான் கற்றது அடக்கம். ஆனால் அந்தக் கழகம் என் கேள்வியைத் தொடவில்லை. அதற்கான பதில் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

நூலுக்கு முன் பாயிரம் வேண்டும் என்ற நம் இலக்கண ஆசிரியர்கள், பாயிரம் சொல்லவேண்டிய எட்டுப் பொருள்களில் நூலாசிரியன் பெயர், நூற்பெயர் முதலியவற்றோடு 'கேட்போர்', 'பயன்' என்ற இரண்டையும் வைத்தார்கள். வேதாந்த கிரந்தங்களின் முகப்பிலும் அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்ற நான்கைச் சொல்லாமல் ஆசிரியர் வாய் திறப்பதில்லை; அந்த வரிசையில் விஷயத்துக்கு முன்னால் நிற்பவன் அதிகாரி, அதாவது கேட்பதற்கு உரியவன். திருவள்ளுவரும் 'அவையறிதல்' என்ற அதிகாரத்தை முன்னே வைத்து 'அவையஞ்சாமை'யை அதற்குப் பின்னே வைக்கிறார். பயத்தை ஒழிப்பதில் ஆரம்பிக்கும் இக்காலப் பயிற்சிகளைவிட, அறிந்த சபையிடம் பயம் பாதி தானே கழன்றுவிடும் என்ற அந்த முறைவைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நானோ கேட்போரை நினைக்காமல், சம்பந்தத்தையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் மூட்டை மூட்டையாகச் சுமந்துகொண்டு போயிருந்தேன்.

எதைக் கொண்டு ஆரம்பிப்பது என்பதற்கு அருந்ததி நியாயம் இருக்கிறது. கல்யாணத்தில் அம்மி மிதித்ததும் அருந்ததி காட்டுவார்கள். அந்தச் சிறு நட்சத்திரத்தை எடுத்த எடுப்பில் யாராலும் காட்ட முடியாது. சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, அதில் வசிஷ்டரைக் காட்டி, "அவருக்குப் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் ஒட்டி" என்று கண்ணைக் கையால் பிடித்து அழைத்துப் போவதுபோல் அழைத்துப் போக வேண்டும். முதலில் காட்டிய பெரிய நட்சத்திரம் அருந்ததி அல்லதான். அதற்காக அதைக் காட்டியது பொய்யாகிவிடாது. நான் போனதோ அருந்ததியிலிருந்து.

இவையெல்லாம் ஏற்பாட்டைப் பற்றியவை. கேள்வியின் முடிச்சு வேறோரிடத்தில், ஆங்கிலம் மறைத்துத் தமிழ் காட்டிக்கொடுக்கும் ஓர் இடத்தில் இருந்தது. நம் பாஷையில் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', விலக்கிவைத்தால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லை நான் அன்றைக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் தமிழில் எழுதிப் பார்த்தபோது வெலவெலத்துப்போனேன். "நாம் எல்லாரும் ஒரே பரம்பொருளைத்தான் வணங்குகிறோம்" என்று, சிலுவைக்குக் கீழே அமர்ந்திருந்த அவர்களை, அவர்களுடைய சம்மதமில்லாமல், வேதாந்தத்தில் சேர்த்துவிட்டிருக்கிறேன். அது தகவல் அல்ல, மதமாற்றத்தின் ஒரு பண்பான வகை. "நாங்கள் மாமிசம் உண்பதில்லை" என்ற இடத்திலோ, அந்த 'நாங்கள்' எத்தனை பேர் என்று சொல்லாமல் என் குலதெய்வத்தையே வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

பின்னதுதான் பெரிய அபாயம் என்று இப்போது தோன்றுகிறது. நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு மட்டும் போன ஒருவர் இந்துக்களின் தெய்வம் வேங்கடாசலபதி என்பார்; டெக்ஸாஸில் பேர்லாந்துக்குப் போனவர் மீனாட்சி என்பார்; இருவர் சொல்வதிலும் தப்பில்லை, 'இந்துக்கள்' என்ற சொல்லின் அளவுதான் தப்பு. கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புச் சரித்திரப் புஸ்தகத்தில் பண்டைய இந்தியாவை எப்படி எழுதுவது என்று 2005-06-லும் மறுபடி 2016-லும் மூண்ட சர்ச்சையின் அடியிலும் இதுவே கிடந்தது. சில இந்து அமைப்புகள் தங்கள் சமயம் இழிவாகக் காட்டப்படுவதாகச் சொல்லித் திருத்தம் கோரின. அத்திருத்தங்கள் சாதிக் கொடுமையை மறைக்கின்றன என்று தலித் அமைப்பினரும் ஆய்வாளர் பலரும் எதிர்த்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பாடத்தில் 'நாங்கள்' என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதே இரு தரப்பாரும் சாக்ரமென்டோ சபையில் நின்று கேட்ட கேள்வி. இழிவு செய்யப்பட்ட வலியும் மெய், மறைக்கப்பட்ட வலியும் மெய். ஆனால் இரண்டாவது வலியைப் பொருட்படுத்தாத 'நாங்கள்' எனக்குச் சம்மதமில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே கூடத்தில் மறுபடி பேசச் சொன்னார்கள், பெருந்தன்மைதான். இந்த முறை எழுதியது ஒன்றரைப் பக்கம். பேச வேண்டியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லிவர்மோருக்குப் போய், சாமி கும்பிடாமல், என்னையே ஓர் அந்நியனைப்போலப் பார்த்துக்கொண்டு நடந்தேன். செருப்பை அடுக்கில் வைத்தேன்; கால் கழுவினேன்; வாசற்படியை மிதிக்காமல் தாண்டினேன், ஏன் என்று தெரியாமலே; மணியை அடித்தேன்; பிள்ளையார் முன் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். அந்த முதியவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூடத்தில் அதிலிருந்தே ஆரம்பித்தேன்; தோப்புக்கரணத்தைப் போட்டும் காட்டினேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அங்கிருந்து கருவறையின் இருட்டுக்கும், தீபத்தை உயர்த்தும்போது அந்த இருட்டில் ஒரு முகம் தோன்றுவதற்கும் வந்து நிறுத்தினேன். கருப்பசாமியைப் பற்றியும் சொன்னேன், கிடாவோடு.

ஓர் அம்மாள், "அந்தக் கல்தான் கடவுளா?" என்று நேராகக் கேட்டார். முன்பாயிருந்தால் சின்னம், தத்துவம் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். "ஆகமம் அறிந்தவர்கள், பிரதிஷ்டை ஆகும்வரை அது கல், ஆனபின் மூர்த்தி என்பார்கள். ஸ்ரீவைஷ்ணவர்கள், பகவான் எங்களுக்காக எடுத்துக்கொண்ட அவதாரமே அது என்பார்கள். அத்வைதிகள், மனத்தை நிறுத்துவதற்கு ஒரு படி என்பார்கள். என் தாயார் 'சாமி' என்பார், அதற்குமேல் கேட்டால் திட்டுவார்" என்றேன். "நீங்கள்?" என்றார். "சன்னிதியில் நிற்கும்போது என் தாயாரின் கட்சி, வீட்டுக்கு வந்து புஸ்தகத்தைத் திறந்தால் அத்வைதிகளின் கட்சி" என்றேன். 'நான்' என்ற அடையாளத்தோடு சொன்னால் நம்பிக்கையும் ஒரு தகவல்தான் என்பது, அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே விளங்கிற்று. பதினெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். கேள்விகள் ஒரு மணி நேரம் ஓடின. அவற்றுள் மூன்றுக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அடுத்த மாதம் அவர்களில் ஏழெட்டுப் பேர் லிவர்மோருக்கு வந்தார்கள். முதியவரும் வந்திருந்தார். வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்து, கைத்தடியைச் சுவரில் சார்த்திவிட்டு, வெகுநேரம் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். "காலுறையையும் கழற்ற வேண்டுமா?" என்றார். "எங்களில் சிலர் கழற்றுவோம், சிலர் போட்டுக்கொண்டே வருவார்கள். தரை குளிராயிருக்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாக உருவி, சுருட்டி, பூட்ஸுக்குள் திணித்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "போவோமா?" என்றார்.